வில்லை குறைக்கும் தூரம்

எட்டாததை எட்டச் செய்வதே விஞ்ஞானத்தின் வரலாறு எனலாம். கண்ணுக்கு எட்டாத விண்மீனைத் தொலைநோக்கி நம் முன் கொணர்ந்தது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரை நுணுக்குக்காட்டி கொணர்ந்தது. இன்று ஒரு பாடசாலை ஆசிரியரின் தோட்பையில் அடங்கிவிடும் டிஜிற்றல் கமராவும் அதன் நீண்ட வில்லையும் நூறு யாருக்கு அப்பால் நிற்பவரின் முகச் சுருக்கங்களைக் கூட எண்ணிப் பார்க்கும்படி காட்டிவிடுகின்றன. இவ்வாறு குறைந்தது எந்தத் தூரம் என்பதே நம் கேள்வி. கண்ணுக்கும் பொருளுக்கும் இடைப்பட்ட தூரமா? அன்றி, மனிதனுக்கும் மனிதனுக்கும் இடைப்பட்ட தூரமா?

பொழுதுபோக்கு என்றதும் முகஞ்சுளிக்கும் வழக்கம் முற்போக்காளரிலும் சிலருக்கு உண்டு. அவ்வழக்கம் நமக்கு உடன்பாடன்று. 1886-ல் சிக்காகோத் தொழிலாளர் எட்டு மணி நேர வேலைநாளைக் கோரியபோது, உழைத்து உறங்கியது போக எஞ்சிய நேரத்தைத் தம் விருப்பம்போல் வாழ்வதற்காகவும் சேர்த்தே கோரினர். அந்த நேரத்தில் ஒருவர் பறவையைப் பார்ப்பதும் படம் எடுப்பதும், இரத்தம் சிந்திப் பெற்ற உரிமையின் ஒரு பயன். அதை எவரும் பறிக்க வேண்டியதில்லை.

அந்த உரிமையை ஏழைக்கும் எட்டச் செய்த பெருமை டிஜிற்றல் கமராவுக்கு உண்டு. பிலிம் சுருளின் காலத்தில் ஒரு சுருளில் 36 படங்களே எடுக்கலாம். சுருளின் விலை, கழுவும் கூலி, அச்சிடும் கூலி என்று பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு முறையும் காசு கணக்கிடப்பட்டது. 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் வில்லார்ட் பொயில், ஜோர்ஜ் சிமித் ஆகிய இருவரும், ஒளியால் எழும் மின்னேற்றங்களை வரிசையாகக் கடத்திப் படிக்கும் சில்லுக்கு வழி கண்டனர். 2009-ல் அதற்காக நோபல் பரிசில் பங்கும் பெற்றனர். 1975-ல் கொடாக் நிறுவனத்துப் பொறியியலாளர் ஸ்டீவன் சாசன் அத்தகைய சில்லொன்றைக் கொண்டு ஒரு கமராவை அமைத்தார். அதன் படத்தில் இருந்தவை 10,000 புள்ளிகள் மட்டுமே. ஒரு படம் ஒலிநாடாவிற் பதிய 23 செக்கன் ஆனது. இன்று கோடிக்கணக்கான புள்ளிகள் இமைப்பொழுதிற் பதிகின்றன. இரண்டாங்கையாக வாங்கிய கமராவும் ஆயிரம் படங்களை மேலதிகச் செலவின்றி எடுத்துத் தருகிறது. இது முன்னேற்றமே.

ஆனால் கருவி முன்னேறுமளவு, கருவியைப் பிடித்தவனின் உறவுகளும் முன்னேறுகின்றனவா? இதை மன்னார்க் கரையில் வைத்துப் பார்ப்போம்.

மாரிகாலத்தில் வங்காலைச் சரணாலயத்தின் ஆழங்குறைந்த நீரில் பூநாரைகள் இறங்குகின்றன. வடக்கே ஆசியாவின் குளிர்நிலங்களிலிருந்து ஊசிவால் வாத்துகள் கூட்டங் கூட்டமாக வருகின்றன. 2010-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற நிலம் அது. தலைமன்னார் வீதியோரம் விடியலிலே கமராவோடு காத்திருப்போரை அங்கே காணலாம். நாமும் அவ்வாறு காத்திருப்போரிற் சேர்ந்தவர்களே. 400 மில்லிமீற்றர் வில்லையைச் சிறிய சில்லுள்ள கமராவிற் பூட்டினால், பழைய 35 மில்லிமீற்றர்க் கமராவில் 600 மில்லிமீற்றர் வில்லை தரும் காட்சியளவு கிடைக்கும் என்பதும், பறக்கும் சிறகை நிறுத்த ஒரு செக்கனில் 2000-ல் ஒரு பங்கு நேரம் போதும் என்பதும் இப்பொழுதுபோக்கின் அரிச்சுவடி. உப்புக்காற்றில் வில்லையை மாற்றினால் உள்ளே தூசி புகும் என்பதும் அனுபவம் கற்பிக்கும் பாடம்.

இன்னொரு பாடமும் உண்டு. வெயில் ஏறியதும் உப்புநிலத்தின் மேற் காற்று நெளியத் தொடங்கும். அப்பொழுது எவ்வளவு விலையுயர்ந்த வில்லையானாலும் தொலைவிலுள்ள பறவை நீரிற் கரைந்ததுபோலவே படத்தில் விழும். வில்லை பறவையை மட்டும் பெரிதாக்கவில்லை. இடையிலுள்ள காற்றின் நெளிவையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. இக்குறையை எந்தக் கடையிலும் விலை கொடுத்துத் தீர்க்க முடியாது. விடியலிற் செல்ல வேண்டும். இல்லையேல் அருகிற் செல்ல வேண்டும்.

பறவையைப் பொறுத்தவரை அருகிற் செல்வது தவறு. நெடுந்தூரம் பறந்து வந்து இரைதேடும் கூட்டத்தை ஒரு படத்துக்காகக் கலைத்து எழுப்பினால், அது சேமித்த ஆற்றலை நாம் திருடியவர்களாவோம். எனவே அங்கே நீண்ட வில்லை ஒரு நற்பண்பு, தூரமே மரியாதை.

அதே வில்லையைக் கரையில் வலை இழுக்கும் மீனவர் மீது திருப்புவோம். அங்கே இந்த நியாயம் தலைகீழாகிவிடுகிறது. மனிதன் அருகிற் சென்று பேசத்தக்கவன். அவனிடம் கேட்கலாம், அவன் சரி என்பான், அல்லது வேண்டாம் என்பான். வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பையே அவனுக்கு இல்லாமற் செய்வதற்குத் தூரத்தைப் பயன்படுத்துவோமாயின், அவனைப் பேசாத உயிரோடு சேர்த்துவிட்டோம் என்பதே பொருள். பறவைக்கு மரியாதையாக இருந்த தூரம் மனிதனுக்கு அவமரியாதையாகிறது.

‘கேட்டால் இயல்பு கெட்டுவிடும், அறியாமல் எடுத்தாற்றான் உண்மை கிடைக்கும்’ என்று சிலர் வாதிடுவர். இவ்வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. முன்பின் அறியாதவன் திடீரென்று கமராவை நீட்டினால் எவரும் விறைத்துத்தான் நிற்பர். ஆனால் அந்த விறைப்பு கேட்டதால் வந்ததன்று, அறியாமையால் வந்தது. வலை இழுப்பவரோடு இரண்டு நாள் பழகியவனின் கமராவை மூன்றாம் நாள் யாரும் கவனிப்பதில்லை. இயல்பைப் பெறுவதற்கு விலை ஒன்று உண்டு. அது நேரம். அவ்விலையைக் கொடுக்க மனமில்லாதவன் ஒளிந்திருந்து எடுக்கிறான்; எடுத்ததற்கு உண்மை என்று பெயரும் சூட்டுகிறான்.

இதைப் பொருளியல் நோக்கிலும் பார்க்கலாம். நம் ஊர்களின் பழைய ஸ்ரூடியோவை நினைத்துப் பாருங்கள். அங்கே படம் எடுக்க வந்தவர் தாமே விரும்பி வந்தார். நல்ல உடுப்பு உடுத்தினார்; நாற்காலியில் அமர்வதா, நிற்பதா என்று தாமே தீர்மானித்தார். அச்சிட்ட படம் அவர் வீட்டுச் சுவரிலே தொங்கியது. பணங் கொடுத்தவரும் அவர். படத்துக்கு உடையவரும் அவர். இன்றைய பொழுதுபோக்குக் கலைஞனின் கதை வேறு. முகம் ஒருவருடையது, படம் முழுவதும் இன்னொருவருடையது. பாராட்டும் சிலவேளை பரிசும் எடுத்தவனுக்கே சேர்கின்றன. முகத்தைத் தந்தவர் அப்படத்தைக் கண்ணாலும் காண்பதில்லை. உழைப்பவனுக்கும் உழைப்பின் விளைவுக்கும் இடையே விழுந்த பிளவைப் பற்றி ஓயாது பேசும் நாம், முகத்துக்கும் படத்துக்கும் இடையே விழுந்த இப்பிளவைக் காணாதிருப்பது எவ்வாறு பொருந்தும்?

இப்பிளவு டிஜிற்றல் காலத்திற் பிறந்ததன்று. ஆங்கில நாட்டின் புகழ்பெற்ற படக்கலைஞர் யூலியா மாகரற் கமரன் 1875-ல் இலங்கைக்கு வந்து, 1879-ல் இங்கேயே இறந்தார். அவர் எடுத்த டெனிசன், டார்வின், ஹேர்ஷல் ஆகியோரின் படங்கள் அவரவர் பெயரோடு உலகை வலம் வந்தன. இலங்கையில் அவர் எடுத்த உழைக்கும் மக்களின் படங்களிற் பெரும்பாலானவை பெயரின்றி, களுத்துறைக் குடியானவர் கூட்டம் என்பது போன்ற பொதுத் தலைப்புகளோடு நிற்கின்றன. அம்முகங்களில் அழகு இல்லையா? உண்டு. எடுத்தவரிடம் அன்பு இல்லை என்றும் நாம் சொல்லவில்லை. ஆயினும் பெயர் யாருக்கு உரியது, யாருக்குத் தேவையில்லை என்பதைக் கலையன்று, அந்தக் காலத்து ஆட்சியே தீர்மானித்தது. 1936-ல் கலிபோர்னியாவில் டொரொதியா லாங் எடுத்த புலம்பெயர் தாயின் படத்தை அறியாதார் இலர். அமெரிக்க உழவரின் வறுமையை உலகுக்கு உணர்த்திய படம் அது. அந்தப் பணி பெரிது. ஆனால் அத்தாயின் பெயர் புளோரன்ஸ் ஓவன்ஸ் தொம்சன் என்று உலகம் அறிந்தது 1978-ல்தான். நல்ல நோக்கமும் பெயரைக் கேட்க மறந்துவிடலாம்.

யார் யாரைப் பார்க்கலாம், யார் எதைப் பார்க்கக் கூடாது என்பதை ஆட்சியே தீர்மானிக்கும் நிலையை இன்னும் கூர்மையாகக் காண வேண்டுமாயின், வங்காலையைக் கடந்து, சிலாவத்துறையிலிருந்து கரையோரமாகத் தெற்கே செல்ல வேண்டும். முசலிப் பிரதேசத்தில், வில்பத்துக் காட்டின் வடக்கு எல்லைப் புறத்தில் முள்ளிக்குளம் இருக்கிறது. கடலும் காடும் குளமும் வயலும் ஒருங்கே அமைந்த ஊர். அழகைத் தேடும் வில்லைக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? 2007 செப்டெம்பரில், போர்க்காலத்தில், அவ்வூர் மக்கள் வெளியேற்றப்பட்டனர். கடற்படை அங்கே நிலைகொண்டது. அதன் வடமேல் கட்டளைத் தலைமையகம் அங்கே அமைந்தது. போர் 2009-ல் முடிந்தது. 2012-ல் திரும்பி வந்த மக்கள் தம் ஊருக்குள் நுழைய முடியாது, அருகிலுள்ள மலங்காட்டில் கொட்டில்கள் அமைத்துத் தங்கினர். 2017 மார்ச்சு 23-ல் நிலத்தைக் கேட்டுப் போராட்டம் தொடங்கினர். ஏப்பிரல் 29-ல் 100 ஏக்கரை விடுவிப்பதாகக் கடற்படை அறிவித்தது.

இந்நாட்டிற் படைமுகாமைப் படம் பிடிப்பது தடை என்பதை யாவரும் அறிவர். எனவே பூநாரைக்கு முன்னால் தாராளமாக நிற்கும் கமரா, முகாம் வேலிக்கு முன்னால் உறைக்குள் போய்விடுகிறது. வேலிக்குள் அகப்பட்ட வீட்டுக்காரருக்கோ தாம் பிறந்த வீட்டை ஒரு படமாகவேனும் எடுத்து வைத்துக்கொள்ள வழியில்லாது போயிற்று. அதே வீட்டுக்காரர் கொட்டில் வாசலில் அமர்ந்திருக்கையில் எவரும் அவரைக் கேளாமலே படம் எடுக்கலாம். அதிகாரம் உள்ளதைப் படம் எடுக்கக் கூடாது. அதிகாரம் இல்லாதவரை எப்படியும் எடுக்கலாம். இந்த நியதியை இயற்றியவன் பொழுதுபோக்குக் கலைஞன் அல்லன். ஆனால் கேளாது எடுக்கும் ஒவ்வொரு முறையும் அவன் அதற்கு உட்பட்டே நடக்கிறான்.

கூர்மை என்பதைப் பற்றியும் இங்கே ஒரு சொல். கமராக்காரர் இருவர் சந்தித்தால் மெகாபிக்சலும் வில்லையின் கூர்மையுமே பேச்சு. 2017 முதல் வடக்கிலும் கிழக்கிலும் காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் வீதியோரங்களில் படங்களை ஏந்தி அமர்ந்தனர். அவற்றிற் பல அடையாள அட்டைக்கென எடுத்த சிறு படத்தைப் பெருப்பித்தவை. புள்ளிகள் சிதறிக் கண்ணும் மூக்கும் மங்கிய படங்கள். நம் அளவுகோலின்படி அவை தோல்வியுற்ற படங்கள். ஆனால் அவற்றிற்கு ஒரு பெயர் உண்டு, ஏந்துவதற்கு ஒரு கை உண்டு, ‘எங்கே?’ என்ற கேள்வி உண்டு. கண்ணாடிபோல் துலங்கும் நம் படங்களில் எத்தனைக்கு இம்மூன்றில் ஒன்றாவது உண்டு? படத்தின் பெறுமதி புள்ளிகளின் தொகையிலும் தங்கியிருக்கிறது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயின் அதற்கு முன்பே, படம் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது என்பதிலே தங்கியிருக்கிறது.

அப்படியாயின் ஒவ்வொருவரும் துயரத்தையே படமாக்க வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டியதில்லை. துயரத்தைத் தேடி அலைவதும் அழகைத் தேடி அலைவதைப் போன்ற வேட்டையாகிவிடக் கூடும். பூநாரையைப் படம் எடுப்பவன் அதையே எடுக்கட்டும். மனிதனைப் படம் எடுப்பவனிடம் நாம் கோருவது சிறிது: கேட்க வேண்டும், பெயரை அறிய வேண்டும், படத்தின் ஒரு பிரதியை அவர் கையிற் சேர்க்க வேண்டும். பெயரை அறிவது வேறு, வெளியிடுவது வேறு என்பதையும் மறத்தலாகாது. போராட்டத்தில் மகனின் படத்தை உயர்த்தும் தாய், தன் முகமும் உலகுக்குத் தெரிய வேண்டும் என்று விரும்பலாம். அவள் பின்னால் நிற்கும் இளைஞனுக்கு அதே படம் நாளை ஆபத்தாக முடியலாம். இதைத் தீர்மானிக்கும் உரிமை வில்லையின் பின்னாலுள்ள கண்ணுக்கு இல்லை. கேட்டே அறிய வேண்டியது அது. பிலிம் காலத்திற் பிரதி கொடுக்கக் காசில்லை என்று சொல்ல இடமிருந்தது. இன்று அச்சாணையும் இல்லை.

நம் பாடசாலைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் படக்கலைக் கழகங்கள் இயங்குகின்றன, கண்காட்சிகளும் நடக்கின்றன. அக்கழகங்களை நடத்தும் ஆசிரியரும் மாணவரும் ஒரு விதியை ஏற்றுக்கொள்வார்களாக. கண்காட்சிச் சுவரில் ஏறுமுன், படத்தில் உள்ளவரின் வீட்டுக்கு முதற் பிரதி செல்ல வேண்டும். போரில் வீடும் படத்தொகுப்பும் ஒருங்கே இழந்த குடும்பங்கள் வாழும் கரை இது. தந்தையின் முகத்தைக் காட்ட ஒரு படமும் இல்லாத வீட்டுக்கு ஒரு படம் போய்ச் சேருமாயின், அது பெறும் இடத்தை எந்தக் கண்காட்சியும் தர முடியாது. வில்லை குறைக்காத தூரத்தைக் காலால் நடந்தே குறைக்க வேண்டும் என்பது நம் துணிபு.