மறுமணமும் பழைய கணக்கும்



எல்லாப் புகழும் அல்லாஹு தஆலாவுக்கே உரியது. அவனுடைய இறுதித் தூதர் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

சமீபத்தில் பினாங்கு ஆயர் ஈத்தாம் பகுதியில் ஒரு நிக்காஹ் மஜ்லிஸுக்குப் போயிருந்தேன். மண்டபம் இல்லை, மேடை இல்லை, விளக்கு அலங்காரமும் இல்லை. வீட்டின் பின்புறத் தோட்டத்தில் ஒரு ரம்புத்தான் மரம். அதன் நிழலில் இரண்டு ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். வந்திருந்தவர்கள் ஏறத்தாழ இருபது பேர். பெண்கள் வீட்டிற்குள் கூடத்தில் அமர்ந்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு வயது 58; ஜவுளி வியாபாரி; மனைவி மௌத்தாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. மணமகளுக்கு வயது 49. கணவரை இழந்த பிறகு தையல் தைத்து இரண்டு பிள்ளைகளை ஆளாக்கியவர். அவருடைய அண்ணன் வலியாக இருந்தார். அஸர் தொழுகைக்குப் பின் இமாம் குத்பா ஓதினார். இரண்டு சாட்சிகளின் முன் ஈஜாபும் கபூலும் நிறைவேறின. மஹர் ரொக்கமாகக் கைக்குக் கொடுக்கப்பட்டது. பிறகு நெய்ச்சோறும் தால்சாவும் ஐந்து சஹன்களில் வந்தன. மஃரிபுக்கு பாங்கு சொல்லுமுன் எல்லாம் இனிதே முடிந்தது.

இவை யாவற்றையும் விட என் மனதைத் தொட்டது வேறொன்று. மாப்பிள்ளையின் மகன், வந்தவர்களுக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். மூத்த மகள் மணமகளின் கையைப் பிடித்து, "உள்ளே வாருங்கள் மாமி, இது உங்கள் வீடு" என்று அழைத்துப் போனாள். இது எளிதில் காணக்கூடிய காட்சி அல்ல என்பது உங்களுக்கும் தெரியும். நம்மவர் வீடுகளில் வாப்பா மறுமணம் என்ற பேச்சை எடுத்தால் மகன் பேச்சை நிறுத்திவிடுவான்; மகள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிடுவாள். "இங்கே மட்டும் இது எப்படி நடந்தது?" என்று அவரைத் தனியே அழைத்துக் கேட்டேன். "ஹஜ்ரத், இந்த மஜ்லிஸுக்கு ஆறு மாதம் முந்தி இன்னொரு மஜ்லிஸ் நடந்தது. அது கணக்கு மஜ்லிஸ்" என்றார் அவர். அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில் ஒரு கேள்வி. நடு வயது கடந்தவர் துணை தேடுவது வெட்கத்துக்குரிய காரியமா? நம் முன்னோர் நாகூரிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வியாபாரத்துக்கு வந்தவர்கள். குடும்பம் ஊரில் இருக்க, கடைக்கு மேலே ஒரு பாயில் படுத்து ஆண்டுகளைக் கழித்தவர்கள் அவர்களில் பலர். ஆகவே தனிமையைப் பொறுப்பதுதான் ஆண்மை என்றொரு எண்ணம் நமக்குள் ஊறிவிட்டது. மார்க்கம் அப்படிச் சொல்லவில்லை. துணையில்லாமல் இருப்பவர்களுக்கு மணம் முடித்து வையுங்கள் என்று சூரா நூரின் 32-ஆம் வசனத்தில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். கன்னியர், காளையர் மட்டுமின்றி, துணையை இழந்த ஆணும் பெண்ணும் அதில் அடங்குவார்கள். அந்தக் கட்டளை யாரை நோக்கியது என்று கவனியுங்கள். தனித்திருப்பவரைப் பார்த்து, நீ போய்த் தேடிக்கொள் என்று சொல்லப்படவில்லை. நம்மைப் பார்த்து, நீங்கள் முடித்து வையுங்கள் என்று சொல்லப்படுகிறது.

நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வைப் பாருங்கள். அன்னை கதீஜா (ரலி) அவர்கள் வியாபாரி, விதவை, பிள்ளைகள் உள்ளவர். நாயகம் அவர்களை மணந்தபோது அன்னைக்கு வயது 40 என்பது பிரபலமான கூற்று. இருபத்தைந்து ஆண்டுகள் அந்த இல்லறம் நடந்தது. நுபுவ்வத்தின் பத்தாம் ஆண்டில் அன்னை வபாத்தானபோது நாயகம் (ஸல்) அவர்களுக்கு வயது ஐம்பதை ஒட்டியிருந்தது. வீட்டில் பெண்மக்கள் இருந்தார்கள். அப்போது ஹவ்லா பின்த் ஹகீம் (ரலி) என்ற பெண்மணி தாமே வந்து, தாங்கள் மணம் செய்துகொள்ளக் கூடாதா என்று விசாரித்தார்கள். ஸவ்தா (ரலி) என்ற விதவையின் பெயரையும் எடுத்துச் சொன்னார்கள். அந்த நிக்காஹ் நடந்தது. நம் ஜமாஅத்திலோ தனித்திருக்கும் ஒருவரிடம் போய் இப்படிக் கேட்க நமக்கு நாக்கு எழுவதில்லை. அவர் தாமாகக் கேட்டுவிட்டாலோ சிரிக்க மட்டும் நாக்கு எழுகிறது.

பெண்கள் விஷயத்தில் நம் பிழை இன்னும் பெரிது. உமர் (ரலி) அவர்களின் மகள் ஹஃப்ஸா (ரலி) விதவையானபோது, அந்தத் தந்தை வீட்டில் முடங்கி அழவில்லை. உஸ்மான் (ரலி) அவர்களிடம் போய், என் மகளை மணந்துகொள்கிறீர்களா என்று கேட்டார்கள். பிறகு அபூபக்கர் (ரலி) அவர்களிடமும் கேட்டார்கள். உமரைவிட மானஸ்தர் நம்மில் யார்? இன்றோ, நாற்பத்தைந்து வயதில் கணவனை இழந்த சகோதரிக்கு நான்கு மாதம் பத்து நாள் இத்தா முடிந்த பின்னும், ஆயுள் முழுவதும் முடியாத இன்னொரு இத்தாவை நாம் விதித்துவிடுகிறோம். அல்லாஹ் விதிக்காத இத்தா அது.

உம்மு ஸலமா (ரலி) அவர்களை நாயகம் (ஸல்) பெண் கேட்டபோது, அந்த அம்மையார் மூன்று தடைகளைச் சொன்னார்கள்: வயதாகிவிட்டது, ரோஷ குணம் அதிகம், பிள்ளைகள் இருக்கிறார்கள். வயதில் நான் உங்களைவிட மூத்தவன், ரோஷத்தை அல்லாஹ் நீக்குவான், பிள்ளைகள் அல்லாஹ்வின் பொறுப்பிலும் அவன் தூதரின் பொறுப்பிலும் இருப்பார்கள் என்ற கருத்தில் நாயகம் மறுமொழி தந்தார்கள். இன்றும் நடு வயதில் மணம் பேசும் எந்த வீட்டிலும் இந்த மூன்று தடைகளைத்தான் கேட்கிறோம். பதில் ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது.

"அப்படியானால் மௌத்தான மனைவியை மறந்துவிட வேண்டுமா?" என்று சிலர் கேட்கிறார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை கதீஜாவை மறக்கவேயில்லை. ஆடு அறுத்தால் அன்னையின் தோழியர் வீடுகளுக்கும் இறைச்சி அனுப்புவார்கள். பத்ருப் போரில் மருமகன் அபுல் ஆஸ் கைதியாகப் பிடிபட்டார். அவரை மீட்பதற்காக மகள் ஜைனப் (ரலி) மக்காவிலிருந்து ஒரு கழுத்து மாலையை அனுப்பியிருந்தார்கள். அது மகளின் மணநாளில் அன்னை கதீஜா கொடுத்த மாலை. அதைக் கண்டதும் நாயகம் (ஸல்) அவர்களின் உள்ளம் உருகிவிட்டது. தோழர்களின் சம்மதத்தைக் கேட்டு, கைதியை விடுவித்து, மாலையையும் மகளுக்கே திருப்பி அனுப்பினார்கள். அப்போது நாயகம் மறுமணம் செய்திருந்தார்கள் என்பதை நினைவில் வையுங்கள். புது இல்லறம் பழைய அன்பை அழிக்கவில்லை. தாயின் மாலையும் மகளிடமே போய்ச் சேர்ந்தது.

சகோதரர்களே, இந்த இடத்தில்தான் நாம் வியாபாரிகளாக யோசிக்க வேண்டும். பிள்ளைகள் வாப்பாவின் மறுமணத்தை எதிர்ப்பது பாசத்தினால் மட்டும் அல்ல. பல வீடுகளில் அது கணக்கு தீராத கோபம். தோட்டத்தில் நிக்காஹ் செய்த அந்த வியாபாரி மூன்று கணக்குகளைத் தீர்த்தார்.

முதலாவது, மௌத்தான மனைவியின் சொத்து. மனைவியின் நகை கணவனின் அலமாரியில் இருப்பதனால் அது கணவனுடையது ஆகிவிடாது. அவர் மரணித்த அன்றே அது வாரிசுகளின் உடைமை. அவருக்குக் கொடுக்காமல் நிறுத்தி வைத்த மஹர் இருந்தால் அதுவும் கணவன் தலைமேல் உள்ள கடன். அதையும் அந்தச் சொத்தோடு சேர்க்க வேண்டும். அடக்கச் செலவு, கடன், வஸிய்யத் போக மீதியைப் பங்கிட வேண்டும். ஓர் உதாரணம் சொல்கிறேன். மீதி 40 பவுன். வாரிசுகள் கணவன், ஒரு மகன், இரண்டு மகள்கள். அவருடைய பெற்றோர் உயிருடன் இல்லை. பிள்ளைகள் இருப்பதால் கணவனுக்கு நாலில் ஒன்று, அதாவது 10 பவுன். மிச்சம் 30 பவுனில் மகனுக்கு 15. மகள்களுக்கு ஏழரை, ஏழரை. நம்மில் எத்தனை பேர் இதைச் செய்தோம்? உம்மாவின் வளையல் புது மனைவியின் கையில் ஏறிவிடுமோ என்று ஒரு மகள் உள்ளுக்குள் அழுதால், அந்தக் கண்ணீர் பேராசை அல்ல. அது அவளுடைய ஹக்.

இரண்டாவது, மகனின் உழைப்பு. இருபது ஆண்டுகளாக மகன் கடையில் நிற்கிறான். அவன் வாங்கியது கூலியா, செலவுக்காசா? அவன் பங்காளியா, வாப்பாவுக்கு உதவி செய்பவனா? எங்கும் எழுதப்படவில்லை. கொடுக்கல் வாங்கலைத் தவணை குறித்து எழுதி, சாட்சியும் வைத்துக்கொள்ளும்படி சூரா பகராவின் 282-ஆம் வசனத்தில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். சரக்கு அனுப்பும் வியாபாரியிடம் துண்டுச் சீட்டுக்கூட வாங்கி வைக்கும் நாம், பெற்ற மகனிடம் மட்டும் வாய்ப்பேச்சோடு நிற்கிறோம். அந்தச் சகோதரர் மகனுக்குரிய பங்கை எழுதிக் கையெழுத்திட்டார். ஹயாத்தோடு இருக்கும்போதே பிள்ளைகளுக்கு அன்பளிப்பாகக் கொடுத்ததிலும் ஒருவருக்குக் கூட்டி ஒருவருக்குக் குறைக்கவில்லை. பிள்ளைகளிடையே நீதமாக நடக்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தந்தையைக் கண்டித்துச் சொன்ன ஹதீஸை நீங்கள் அறிவீர்கள்.

மூன்றாவது, வரப்போகும் மனைவியின் ஹக். "வருகிறவள் கடையையே கொண்டு போய்விடுவாள்" என்று பிள்ளைகள் அஞ்சுகிறார்கள். பிள்ளைகள் உள்ள கணவன் இறந்தால் மனைவியின் பங்கு எட்டில் ஒன்று. அதற்கு மேலே பங்காக அவர் எடுக்க முடியாது. அதற்குக் கீழே பிள்ளைகளும் குறைக்க முடியாது. முதுமையில் உங்களுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்து, மருந்து கொடுத்து, இரவில் கண்விழித்த பெண்ணை, ஜனாஸா எடுத்த மறுநாள் வீட்டை விட்டு அனுப்பும் கொடுமையும் நடக்கத்தான் செய்கிறது. அந்தப் பாவத்துக்கு இடம் வைக்காமல், பிள்ளைகளை உட்கார வைத்து இந்த எட்டில் ஒன்றை அவர் முன்கூட்டியே விளக்கிச் சொன்னார். விளங்கிய பின் அச்சம் அகன்றது. அச்சம் அகன்ற பின்தான் மகன் தண்ணீர்ச் செம்பை எடுத்தார்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். நிக்காஹ் சிறிதாக இருப்பது வேறு, இரகசியமாக இருப்பது வேறு. செலவு குறைந்த நிக்காஹில் பரக்கத் அதிகம் என்று ஹதீஸ் அறிவிக்கிறது. அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) மதீனா வந்ததும், கடைத்தெரு எங்கே என்று கேட்டு, நெய்யும் பாலாடைக்கட்டியும் விற்றுத் தலையெடுத்த வியாபாரி. அவர் மணம் முடித்த செய்தி நாயகம் (ஸல்) அவர்களுக்கே பிறகுதான் தெரிய வந்தது. அத்தனை சிறிய நிக்காஹ். ஏன் என்னை அழைக்கவில்லை என்று நாயகம் கோபிக்கவில்லை. பரக்கத்துக்காக துஆச் செய்து, ஓர் ஆட்டையாவது அறுத்து வலீமா கொடுங்கள் என்று மட்டும் சொன்னார்கள். ஆக, சிறிதாக நடத்தலாம். ஆனால் ஊரறியச் செய்ய வேண்டும். நம்மில் சிலரோ பிள்ளைகளுக்குப் பயந்து தாய்லாந்து எல்லையைக் கடந்து போய் இரகசியமாக நிக்காஹ் செய்து, பதிவும் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். அவர் கண்ணை மூடினால் அந்தப் பெண், நான் மனைவிதான் என்று நிரூபிக்கக் கோர்ட்டு வாசலில் அலைய வேண்டும். ஹலாலான காரியத்தைத் திருட்டுக் காரியம் போலச் செய்வது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அநீதி. சமய இலாகாவில் முறைப்படி அனுமதி பெற்று, பதிந்து, நாலு பேர் அறியச் செய்யுங்கள். அதற்கு ஒரு மர நிழல் போதும்.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இன்னும் தூரத்திலும் இருக்கிறீர்கள். பெருநாளைக்கு வந்து இரண்டு நாள் தங்கிப் போகிறீர்கள். மீதி நாட்களில் உங்கள் வாப்பா இரவு கடையை அடைத்துவிட்டு, இருட்டாய்க் கிடக்கும் வீட்டைத் தாமே திறந்து, தாமே விளக்கைப் போடுகிறார். உங்கள் உம்மாவோ தொழுது முடித்து ஸலாம் கொடுத்துத் திரும்பினால், பேச்சுக் கொடுக்க ஓர் ஆள் இல்லை. கணவன் மனைவிக்கிடையே அன்பையும் இரக்கத்தையும் தன் அத்தாட்சிகளில் ஒன்றாக அல்லாஹ் வைத்திருக்கிறான் என்று சூரா ரூமில் படிக்கிறோம். அது இளைஞருக்கு மட்டும் என்று அவன் வரம்பு கட்டவில்லை. நீங்கள் ஏன் கட்டுகிறீர்கள்?

ஆகவே சகோதரர்களே, துணையை இழந்தவர்கள் துணை தேட வெட்கப்பட வேண்டாம். வெட்கப்பட வேண்டியது தீராத கணக்குக்காக. இன்று இரவு கடைக் கணக்கை முடித்த பின் அலமாரியைத் திறந்து பாருங்கள். அங்கே யாருடைய நகை இருக்கிறது, அது யாருக்குச் சேர வேண்டும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். மறுமணம் செய்கிறவருக்கும் அது அவசியம், செய்யாதவருக்கும் அவசியம்.

யா அல்லாஹ், எங்களில் தனித்திருப்போருக்கு நல்ல துணையைத் தந்தருள்வாயாக. எங்களை விட்டுப் பிரிந்தவர்களின் கப்ருகளை ஒளிமயமாக்குவாயாக. பிறர் ஹக் எங்கள் கையில் இருக்கும் நிலையில் எங்களை உன்னிடம் அழைத்துக்கொள்ளாதிருப்பாயாக. ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.