பெயரில்லாத கோடுகள்

1935இல் வாசிலி கான்டின்ஸ்கி நியூயார்க்கில் இருந்த ஓவிய வணிகர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். தான் 1911இல் தீட்டிய ஓர் ஓவியம்தான் உலகின் முதல் அரூப ஓவியம், அதற்கு முன் வேறெவரும் அப்படி வரைந்ததில்லை என்பது அதன் சாரம். நிலத்தை அளந்து எல்லைக்கல் நடுவதைப் போன்ற கடிதம். கலை வரலாறு வெகுகாலம் அந்தக் கல்லை அசைக்கவேயில்லை.

அவருக்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பே, 1906இல், ஸ்டாக்ஹோமில் ஹில்மா ஆஃப் கிளின்ட் என்ற பெண் மரமோ முகமோ மலையோ இல்லாத ஓவியங்களை வரையத் தொடங்கிவிட்டார். அரச கலைக் கழகத்தில் முறையாகப் படித்தவர். 1907இல் அவர் வரைந்த 'பத்துப் பெரியவை' வரிசையில் ஒவ்வொன்றும் பத்தடிக்கும் மேல் உயரம். அவ்வளவு பெரிய தாள்களைத் தரையில் விரித்து, அவற்றைச் சுற்றி நடந்து, குனிந்து வரைந்திருக்கிறார். 1915க்குள் இந்தத் தொடரில் 193 படைப்புகள் சேர்ந்தன. தான் இறந்து இருபது ஆண்டுகள் கழியும்வரை இவற்றைக் காட்டக் கூடாது என்று எழுதி வைத்துவிட்டு 1944இல் இறந்தார். 1986இல்தான் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு பெரிய கண்காட்சியில் அவருடைய ஓவியங்கள் இடம்பெற்றன. அதன் பிறகும், 2012இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அரூபக் கலையின் தோற்றம் குறித்தே ஒரு கண்காட்சி நடத்தியபோது அவருக்கு அதில் இடமில்லை. ஆறு ஆண்டுகள் கழித்து அதே நகரத்தின் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் அவரைப் பார்க்க 6 லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள்.

இந்தக் கதையை வகுப்பில் சொன்னால் மாணவிகளுக்குக் கோபம் வருகிறது. நல்ல கோபம்தான். ஆனால் கான்டின்ஸ்கியின் எல்லைக்கல்லைப் பிடுங்கி ஐந்தாண்டு பின்னால் நட்டு, அதில் ஒரு பெண்ணின் பெயரைப் பொறித்துவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடுமா? 'முதல்' என்ற சொல்லையே நான் சந்தேகிக்கிறேன்.

ஐரோப்பிய அரூப ஓவியத்தின் பிறப்பில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட பிரம்மஞான சபையைச் சேர்ந்த அன்னி பெசன்ட்டும் லெட்பீட்டரும் எழுதிய 'எண்ண வடிவங்கள்' என்ற நூல், கோபம், பக்தி, பயம் போன்ற உணர்வுகளுக்கு வண்ணமும் வடிவமும் கொடுத்துப் படங்களாகக் காட்டியது. கான்டின்ஸ்கி அதை வைத்திருந்தார். ஹில்மாவும் பிரம்மஞான ஈடுபாடு கொண்டவர். மோன்ட்ரியன் 1909இல் அந்தச் சபையில் உறுப்பினராகவே சேர்ந்தார். கண்ணுக்குத் தெரியாததை வரைய முடியும் என்ற துணிச்சலை இவர்கள் பெற்ற இடங்களில் இதுவும் ஒன்று. அந்தப் புத்தகம் அச்சாவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே, எதையும் போலச் செய்யாத வடிவங்களை நம் தெருக்களில் பெண்கள் தினமும் விடியலில் வரைந்து, பொழுது ஏறுவதற்குள் மிதிபட விட்டுக்கொண்டிருந்தார்கள். ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் காமனுக்காகத் தரை மெழுகி மண்டலம் இடும் பெண்ணைப் பார்க்கிறோமே, அவளுடைய கையிலிருந்து இன்றைய வாசல்வரை அந்தக் கோடு நீள்கிறது.

மயிலும் தாமரையும் வரைந்த கோலங்களை இங்கே நான் எடுத்துக்கொள்ளவில்லை. சிக்குக் கோலத்தைச் சொல்கிறேன். கம்பிக் கோலம், நெளிக் கோலம் என்றும் சொல்வார்கள். புள்ளி வைத்து, புள்ளியைத் தொடாமல் அதைச் சுற்றி வளைந்து, குறுக்கே வெட்டி, கடைசியில் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும் கோடு. ஒரு புள்ளியும் வெளியே அநாதையாக நிற்கக் கூடாது. கோடு எங்கேயும் அறுந்து தொங்கக் கூடாது. அது எதன் படம் என்று கேட்டால் பதிலில்லை. அது அதுதான்.

அதில் ஏன் கண் மயங்குகிறது? எனக்குத் தோன்றும் காரணம் இது. ஒரு முகத்தை வரைந்திருந்தால் 'யார்' என்று தெரிந்த கணத்தில் பார்வை ஓய்ந்துவிடும். சிக்குக் கோலத்தில் பெயர் சொல்லி முடித்துக்கொள்ள எதுவுமில்லை. கண் கோட்டைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியிருக்கிறது. நடக்கும்போது, போட்டவளின் விரலும் கட்டைவிரலும் மாவை விட்ட வேகம், வளைவில் அவள் இடுப்பைத் திருப்பிய விதம், எல்லாவற்றையும் நம் உடல் திரும்பச் செய்துபார்க்கிறது. போட்டு முடித்த கோலத்தை விட அது உருவாவதைப் பார்ப்பதற்குத்தான் குழந்தைகள் தூக்கக் கலக்கத்தோடு வந்து திண்ணையில் உட்காருவார்கள்.

இதை வெறும் கைப்பழக்கம் என்பவர்களுக்கு ஒரு செய்தி. 1974இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் மூவரும் கோலத்தைக் கணினி அறிவியலின் வடிவ இலக்கணமாக எழுதிக் காட்டினார்கள். மூவரில் இருவர் பெண்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன். சில விதிகளிலிருந்து எண்ணற்ற கோலங்கள் பிறக்கின்றன என்பது, எழுத்தும் சொல்லும் சேர்ந்து முடிவில்லாத வாக்கியங்கள் பிறப்பதைப் போன்றதே. தமிழிலக்கணம் நடத்துகிற எனக்கு இது வியப்பாக இல்லை, நிறைவாக இருந்தது. பதினைந்து புள்ளி, எட்டு வரை என்று அடுத்த வீட்டுக்காரிக்கு வாய்மொழியாகச் சொல்லி அனுப்பும் பெண் ஒரு சூத்திரத்தைத்தான் சொல்லி அனுப்புகிறாள்.

இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டால் கட்டுரை இனிமையாக முடியும். பத்திரிகைகளின் மார்கழிப் பக்கங்கள் இங்கேதான் நிறுத்திக்கொள்கின்றன.

கோலத்துக்கு உருவப் பொருள் இல்லை. சமூகப் பொருள் நிறைய உண்டு. சாவு வீட்டு வாசலில் கோலம் இருக்காது. மாதவிலக்கு நாட்களில் அவள் போடக் கூடாது, வேறு கை போட்டிருந்தால் தெருவே கணக்குப் போட்டுக்கொள்ளும். கணவனை இழந்தவளை விசேஷ நாளில் மாவுக் கிண்ணத்தைத் தொட விட மாட்டார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது வாசலை. கான்டின்ஸ்கியின் ஓவியம் அவருடைய உடலைப் பற்றி ஊருக்கு எதையும் அறிவிக்கவில்லை. நம்முடைய கோடு, இருந்தாலும் இல்லாவிட்டாலும், அறிவித்துக்கொண்டே இருக்கிறது.

சாதியைச் சொல்லாமல் டெல்டாவின் வாசலைப் பற்றிப் பேச முடியாது. மிராசுதார் வீட்டுத் தொழுவத்தைக் கூட்டிச் சாணம் அள்ளிய கைகள் சேரியிலிருந்து வந்தவை. அரிசி மாவு அந்த வீட்டுப் பெண்களின் கையில் இருந்தது. மாவாகும் அரிசிக்கு நாற்றுப் பறித்து, சேற்றில் குனிந்து, பின்னோக்கி நகர்ந்து நட்டவர்களோ மறுபடியும் சேரிப் பெண்கள். எறும்புக்கு உணவு என்று கோலத்தைப் புகழ்வதைக் கேட்கும்போதெல்லாம், அறுத்த கைகளுக்கு எத்தனை படி கூலி அளந்தார்கள் என்று கேட்கத் தோன்றும். 1968 டிசம்பர் 25 இரவு, கீழத் தஞ்சையின் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட தலித் தொழிலாளர்களின் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அது மார்கழி மாதம்.

அரூபக் கலையைப் பற்றி இடதுசாரித் தோழர்கள் எப்போதும் வைக்கும் குற்றச்சாட்டு இதுதான்: எதையும் காட்டாத கலை, காட்ட வேண்டியதையும் மறைத்துவிடுகிறது. நான் அதைப் பாதி ஏற்கிறேன். கீழ்வெண்மணியைச் சிக்குக் கோலத்தால் சொல்ல முடியாது. ஆனால் சொல்ல முடியாது என்பதாலேயே அந்தக் கோடு பொய்யாகிவிடாது. சேரியிலும் அவரவர் வாசலில் பெண்கள் கோலம் போட்டார்கள், போடுகிறார்கள். பகலெல்லாம் பிறர் வயலில், பிறர் வரப்புக்குள் வேலை செய்த கை, விடியலில் மூன்றடி நிலத்தில் தான் நினைத்தபடி வளைகிறது. அதைப் பெரிய விடுதலை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்தக் கால் மணி நேரத்தில் அவள் யாருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. கட்டாயத்துக்குள் ஒருத்தி கண்டெடுத்த இன்பம் அவளுடையதுதான். கட்டாயம் விதித்தவர்கள் அந்த இன்பத்தைக் காட்டித் தங்களை நியாயப்படுத்திக்கொள்ளக் கூடாது.

இனி பெயருக்கு வருகிறேன்.

அகப்பாடலில் தலைவன், தலைவியின் பெயரைச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பிய விதி. பெயரை நீக்கினால்தான் அந்தக் காதல் எல்லோருக்கும் உரியதாகும். உருவத்தை நீக்கி வடிவத்தை மட்டும் நிறுத்துகிற அரூப ஓவியன் செய்வதும் இதுதான் என்று மாணவிகளுக்குச் சொல்வேன். சிதம்பரத்தில் திரையை விலக்கினால் வெறும் வெளி, அதில் பொன் வில்வ மாலை. அருவத்தை வணங்கத் தெரிந்த ஊர்களில்தான் நாம் பிறந்திருக்கிறோம். அதனால் பெயரின்மையை உடனே குறை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் அகப்பாடலுக்குள் பெயர் இல்லையே தவிர, பாடியவருக்குப் பெயர் உண்டு. பெயர் தொலைந்த புலவருக்கும் அவர் உவமையிலிருந்தே ஒரு பெயர் கட்டிச் செம்புலப்பெயல்நீரார் என்று தொகுத்தவர்கள் வைத்தார்கள். 1010இல் நிறைவடைந்த தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரில் ராஜராஜன் 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களை ஒவ்வொன்றாகப் பொறித்தான். அவரவர் வீடு, ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்ற பங்கு, எல்லாம் கல்லில் இருக்கிறது. அதிகாரம் தனக்குத் தேவையான பெண்ணைப் பெயர் சொல்லித்தான் பதிவு செய்கிறது. பெயர் கிடைப்பதே விடுதலை அல்ல என்பதற்கு அந்தச் சுவரும் சாட்சி. பெயரைத் தான் விட்டுக்கொடுப்பது வேறு, பெயர் கேட்கப்படாமலே போவது வேறு. இரண்டுக்கும் நடுவே கோடு கிழிப்பதுதான் கடினம்.

நஸ்ரீன் முகமதி என்று ஒருவர். 1937இல் கராச்சியில் பிறந்தவர், பரோடாவில் பாடம் சொன்னவர், 1990இல் இறந்தார். மையும் பேனாவும் அளவுகோலும் வைத்து மெல்லிய கோடுகள் மட்டுமே வரைந்தார். தலைப்பு வைக்கவில்லை, பெரும்பாலும் தேதியும் இடவில்லை. அது அவருடைய தேர்வு. அதனால்தான் அந்த வெறுமை நம்மை அதட்டுகிறது. 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தொடங்கிய கலைஞர் கிராமத்துக்குச் சோழமண்டலம் என்று நம் நாட்டின் பெயரையே வைத்தார்கள். சென்னை ஓவிய இயக்கத்தின் உயிரே கோடுதான் என்று விமர்சகர்கள் எழுதினார்கள். அந்தக் கிராமத்தின் ஆரம்பக் கால ஓவியர், சிற்பிகளில் பெண்களை விரல்விட்டு எண்ணலாம். கோலம் அங்கே பேச்சில் வந்தால் 'மரபு', 'மூலப்பொருள்' என்று வரும். மூலப்பொருளுக்கு யாரும் பெயர் கேட்பதில்லை, நெல்லுக்குக் கேட்காததைப் போல.

இதைப் பற்றிப் பேசிய ஒரு வகுப்பில், கோலத்துக்குக் கீழே நாமும் கையெழுத்துப் போட்டால் என்ன என்று கேட்டேன். திருவையாற்றுப் பக்கத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி, "பேரையும் சேத்து மிதிப்பாங்களே மேடம்" என்றாள். வகுப்பு சிரித்தது. இன்னொருத்தி, அவள் அம்மா தெருக்கோலத்தில் ஒவ்வொரு நாளும் ஒரு வளைவை மட்டும் தன் விருப்பப்படி மாற்றிவிடுவாள், தெருவில் இரண்டு பேருக்கு மட்டும் அது தெரியும் என்றாள். அந்த இரண்டு பேர் போதுமா என்று நாங்கள் மணி அடிக்கும்வரை வாதிட்டோம்.

அடுத்த வாரம் சிலர் வீட்டிலிருந்து கோல நோட்டுகளை எடுத்துவந்தார்கள். ஓரம் மடங்கி, எண்ணெய்க் கறை படிந்தவை. புள்ளிகள் பேனாவில், கோடுகள் பென்சிலில். சிலவற்றில் ஒரே கோலத்தை நான்கு பக்கங்களில் நான்கு விதமாக முயன்று பார்த்திருந்தார்கள். ஏறக்குறைய எல்லாமே பிள்ளைகள் எழுதி மிச்சம் வைத்த பள்ளி நோட்டுகள். அட்டையில் ஒட்டிய சீட்டில் பெயர், வகுப்பு, பிரிவு, பாடம் என்று அச்சடித்திருந்தது. பெயருக்கு எதிரே மகனுடைய பெயரும், பாடத்துக்கு எதிரே கணக்கு என்றும் எழுதியிருந்தது.