வராத தோழனையும் அழையுங்கள்



நமது குடும்பத் தலைவர்களில் சிலர் பழைய பூட்ஸைத் தேடி எடுக்கிற காலம் உண்டு. தாங்கள் படித்த கல்லூரியின் பழைய மாணவர் தினத்தில், அன்று ஒரே அணியில் கால்பந்து ஆடிய தோழரோடு மறுபடியும் மைதானத்தில் இறங்க வேண்டும் என்பது அவர்கள் ஆவல். மனைவிமார் சிரிக்கிறார்கள்; பிள்ளைகளோ அப்பா ஓடுவதைக் காணப் புறப்பட்டு விடுகிறார்கள்.

இது நல்ல ஆவலே. சர்வேசுரன் தந்த சரீரத்தைக் கொண்டு, தோழமையோடு களிகூருவதில் குற்றம் ஏதுமில்லை. ஆயினும் 20 வருஷம் ஓடாத கால் முதல் நாளே துள்ளினால் தசைநார் அறுந்துபோகும். ஆகையால் முன்கூட்டியே வைத்தியரிடம் காட்டி, சில வாரம் நடந்தும் மெல்ல ஓடியும் பழகிக்கொள்ளுங்கள். இரத்தக் கொதிப்போ இருதய நோவோ உள்ளவர்கள் வைத்தியர் சொல்லை மீறலாகாது.

சரீரத்துக்கு வேண்டியதைச் சொன்னேன். இனி ஆத்துமத்துக்கு வேண்டியதைக் கேளுங்கள். அந்நாளில் 11 பேராய் நின்று எடுத்த புகைப்படத்தை எடுத்துப் பாருங்கள். அதில் ஒருவர் இறந்திருப்பார். அவருடைய ஆத்தும இளைப்பாற்றிக்காக வேண்டிக்கொள்கிறோம். ஒருவர் தூரதேசத்தில் இருப்பார். ஆனால் அடுத்த ஊரிலேயே இருந்தும் வராத ஒருவரும் உண்டு அல்லவா? அவர் ஏன் வரவில்லை? வியாபாரம் நொடித்திருக்கலாம். குடியில் விழுந்து இப்போதுதான் எழ முயல்கிறவராய் இருக்கலாம். வாங்கிய கடனைத் திருப்பித் தர முடியாமல், கடன் கொடுத்தவர் முகத்தில் விழிக்கக் கூசலாம். “எல்லாருக்கும் செய்தி அனுப்பினோம், அவன்தான் வரவில்லை” என்கிறோம். கைப்பேசியில் பத்துப் பேருக்குப் பொதுவாய்ப் போன செய்தி, வெட்கத்தால் ஒதுங்கி நிற்பவனுக்கு அழைப்பு ஆகுமா?

நமதாண்டவர் எப்படி அழைத்தார் என்று பாருங்கள். உயிர்த்த ஞாயிறன்று கல்லறையில் இருந்த சம்மனசு, சீஷர்களுக்குச் செய்தி சொல்லும்படி பெண்களை அனுப்பியபோது, இராயப்பரின் பெயரைத் தனியே குறிப்பிட்டதாக அர்ச். மாற்கு எழுதுகிறார். இராயப்பரும் சீஷர்களில் ஒருவர்தானே, தனியே சொல்வானேன்? மும்முறை மறுதலித்தவர், “சீஷர்கள் என்ற பேச்சில் இனி எனக்கு இடமில்லை” என்று எண்ணியிருப்பார். ஆகவேதான் அவருக்குப் பெயர் சொல்லி அழைப்பு வந்தது. பிறகு திபேரியாக் கடலோரத்தில், பழைய தோழர் ஏழு பேர் பழைய தொழிலுக்குத் திரும்பிய அந்த விடியற்காலையில், ஆண்டவர் கரி நெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் தந்து, அதற்குப் பிறகே இராயப்பரிடம் அன்பைக் குறித்துக் கேட்டார். முதலில் உணவு, பிறகே கேள்வி.

நமது காலத்தில் வாழ்ந்த அர்ச். இரண்டாம் அருள் சின்னப்பரின் வாழ்விலும் இதற்கொத்த ஒன்று உண்டு. போலந்து நாட்டின் வாடோவிச்சே பட்டணத்தில் சிறுவராயிருந்தபோது அவர் கோல் காப்பவராக ஆடுவார். கத்தோலிக்கப் பிள்ளைகளும் யூதப் பிள்ளைகளும் எதிரெதிராய் ஆடும்போது, யூதர் அணியில் ஆள் குறைந்தால் அவர்கள் பக்கம் போய் நிற்பாராம். அவருடைய பள்ளித் தோழர் யெர்சி குளூகர் என்னும் யூதர். 1939-ல் மூண்ட யுத்தம் இருவரையும் பிரித்தது. குளூகரின் தாயும் சகோதரியும் அவுஷ்விட்ஸ் கொலைமுகாமில் மாண்டார்கள். 1965-ல், வத்திக்கான் பொதுச்சங்கம் நடந்த நாட்களில், ரோமாபுரியில் தோழர் இருவரும் மீண்டும் சந்தித்தார்கள். ஒருவர் அப்போது கிராக்கோவ் அதிமேற்றிராணியார். மற்றவரோ வீட்டாரைப் பறிகொடுத்தவர். பதவியும் துயரமும் குறுக்கே நிற்கவில்லை. 1978-ல் அவர் பாப்பரசரான பின்னும் அந்தச் சிநேகம் குறையவில்லை. 1989-ல் வாடோவிச்சேயில், நாசிகள் அழித்த யூத செபக்கூடம் இருந்த இடத்தில் நினைவுக்கல் பதித்தபோது, பாப்பரசர் எழுதிய கடிதத்தைக் குளூகரே கொண்டு சென்றார்.

கால்பந்து விதிகளிலும் நமக்கு ஒரு பாடம் உண்டு. பெரிய போட்டிகளில், மாற்று ஆளுக்கு இடம் விட்டு வெளியேறியவர் அந்த ஆட்டத்தில் திரும்ப இறங்க முடியாது. மூத்த வயதினரின் ஆட்டத்திலோ, வெளியேறியவர் மறுபடியும் இறங்கலாமென்று ஏற்பாடு செய்ய விதி இடந்தருகிறது. 90 நிமிஷ நேரத்தையும் குறைத்துக்கொள்ளலாம். வயதுக்கும் களைப்புக்கும் விதியே இத்தனை இரங்குமானால், விழுந்துபோன தோழனுக்கு நாம் இரங்க வேண்டாமா?

ஆகையால், ஆட்டத்துக்கு நாள் குறிக்குமுன் இவற்றைச் செய்யுங்கள். வராதவர் வீட்டுக்கு ஒருவராவது நேரே போய், அவர் பெயரைச் சொல்லி அழையுங்கள். சட்டைக்கும் சாப்பாட்டுக்கும் இவ்வளவென்று தலைக்குக் கட்டணம் வைத்தால், இல்லாதவன் அந்தக் காகிதத்தைப் பார்த்ததுமே நின்றுவிடுவான். முடிந்தவர் முடிந்ததைத் தரட்டும், யார் எவ்வளவு தந்தார் என்பது தெரியாதிருக்கட்டும். ஆட்டம் முடிந்தபின் பாட்டிலைத் திறக்காதீர்கள். குடியை விட முயல்கிற தோழனுக்கு அது கண்ணி. ஓட முடியாதவரைக் கோலில் நிறுத்துங்கள். அதுவும் முடியாதவர் கையில் விசிலைக் கொடுங்கள். கடன் கொடுத்தவர் மைதானத்தில் கணக்கைப் பேசலாகாது. முதலில் அவருக்குப் பந்தைத் தட்டிக் கொடுக்கட்டும்.

தாய்மார்களே, உங்களுக்கும் இதில் பங்குண்டு. அந்தத் தோழரின் மனைவியோடு நீங்கள் பேசி அந்தக் குடும்பத்தையும் கூட்டி வாருங்கள். கணவன் கூசுகிற இடத்துக்கு மனைவியின் துணை அவனை நடத்தும்.

சகோதரன் மனத்தாங்கலோடிருந்தால், காணிக்கையைப் பீடத்தண்டையில் வைத்துவிட்டு முதலில் அவனோடு ஒப்புரவாகும்படி நமதாண்டவர் கற்பித்தார். ஞாயிறுதோறும் ஒரே பந்தியில் தேவ நற்கருணை வாங்குகிற நாம், இந்த வாரத்திலேயே அப்படிப்பட்ட ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டுவோமாக. அவர் முதல் முறை வரமாட்டார், மறுபடியும் போங்கள். தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுத் தேடிப் போன நல்ல ஆயன் உங்கள் முயற்சியை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.

உங்கள் பங்குக் குரு