கண்ணுக்குத் தெரியாத நிறம் பொய்யாகுமா?

மார்கழி மாதம், விடியற்காலையில் எழுந்து வாசலில் வண்ணக் கோலம் போட்டிருப்பீர்கள். தெரு விளக்கு எரியாத நாளில் என்ன ஆகும்? சிவப்புப் பொடி எது, நீலப் பொடி எது என்று தெரியாமல் திண்டாடுவோம். டப்பாவை உள்ளே எடுத்துப் போய், சமையலறை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வருவோம். அந்த இருட்டில் பொடிக்கு நிறம் போய்விட்டதா என்ன? இல்லை. குறைந்த வெளிச்சத்தில் நிறம் பிரித்துப் பார்க்க நம் கண்ணுக்குத்தான் சக்தி போதவில்லை.

இதை மனதில் வைத்துக்கொண்டு, அப்படியே ஆகாயத்தையும் கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள்.

ஆடல்வல்லானுக்கு உகந்த திருவாதிரை, கொஞ்சம் செந்நிறமாக மின்னும் நட்சத்திரம். அதற்குச் சற்றுத் தள்ளி ஒரே வரிசையில் மூன்று நட்சத்திரங்கள். அந்த மூன்றுக்கும் தெற்கே மங்கலாகச் சில புள்ளிகள் இருக்கும். அவற்றின் நடுவில் உள்ளது மட்டும் கூர்மையான புள்ளியாக இல்லாமல், விரலால் தேய்த்த விபூதி போலக் கலங்கித் தெரியும். அது நட்சத்திரம் அல்ல, விண்முகில். ‘ஓரியன் நெபுலா’ என்கிறார்கள் விஞ்ஞானிகள். சுமார் 1,300 ஒளியாண்டு தொலைவில், புதிய நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கும் மாபெரும் வாயுக் கூட்டம்!

ஆவடியை அடுத்த வெள்ளானூரில் ஒரு வீட்டு மொட்டை மாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே தொலைநோக்கி வைத்து, கண்ணைப் பொருத்திப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் ஒரு புகை தெரியும், அவ்வளவுதான். அதே தொலைநோக்கியில் கேமராவைப் பொருத்திப் படமெடுத்தாலோ, செந்தாமரை மலர்ந்தது போல் அப்படியொரு சிவப்பு! வீட்டில் விவாதம் ஆரம்பிப்பது இங்கேதான். “இதெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தின கலரும்மா. நம்ம சாமிக்கு அலங்காரம் பண்ற மாதிரிதான்” என்பான் பிள்ளை. ஒரே வார்த்தையில் இரண்டையும் பொய் என்று சொல்லிவிடுகிறான். என்ன பதில் சொல்வீர்கள்?

இந்த விண்முகிலை முதன்முதலில் படம் எடுத்தவர், அமெரிக்காவில் மருத்துவராக இருந்த ஹென்றி டிரேப்பர். நாள்: 1880, செப்டம்பர் 30. கண்ணாடித் தகட்டை 51 நிமிடங்கள் ஆகாயத்துக்குக் காட்டி எடுத்த படம் அது. அவருடைய ஆராய்ச்சிகளில் கூடவே இருந்து உதவியவர், மனைவி மேரி அன்னா. இரண்டே ஆண்டுகளில் கணவர் காலமாகிவிட, அந்த அம்மாள் முடங்கிப் போய்விடவில்லை. கணவர் நினைவாகத் தன் செல்வத்தை ஹார்வர்டு வான் ஆய்வகத்துக்கு வழங்கினார். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களை வகைப்படுத்திய பெரும் பட்டியல் டிரேப்பர் பெயரிலேயே வெளிவந்தது. அதில் பெரும் உழைப்பு பெண்களுடையது என்பது நமக்குப் பெருமை!

1883-ல் லண்டனை அடுத்த ஈலிங்கில், ஆன்ட்ரூ காமன் என்ற பொறியாளர் தன் வீட்டுத் தோட்டத்திலிருந்து இதே விண்முகிலைப் படமெடுத்தார். அந்தத் தொலைநோக்கி வழியாகக் கண்ணால் பார்த்தபோது தெரியாத நட்சத்திரங்கள், படத்தில் இருந்தன. கண் ஒரு நொடிக்குள் பார்த்ததை அந்த நொடிக்குள்ளேயே கொட்டிவிடுகிறது. கேமரா அப்படியல்ல, சொட்டுச் சொட்டாக விழும் ஒளியைச் சேமிக்கிறது.

இன்று மொட்டை மாடியில் படமெடுப்பவர்கள் அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று நூறு படங்கள்கூட எடுப்பார்கள். பூமி சுற்றுவதால், தொலைநோக்கியையும் மோட்டார் வைத்து மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அதன் அச்சு துருவ நட்சத்திரத்தைப் பார்த்து நிற்க வேண்டும். நம் ஊரில் துருவன் வடக்கே வெறும் 13 டிகிரி உயரத்தில், பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்திருப்பான்! இப்படி எடுத்த நூறையும் ஒன்றாகச் சேர்ப்பார்கள். தனித்தனியே பார்த்தால் மங்கல். சேர்த்தால் சிவப்பு துலங்கும். அது ஹைட்ரஜன் வாயுவின் சொந்த நிறம். யாரும் பூசியதல்ல.

இன்னொன்றும் செய்வார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். தொலைநோக்கியை மூடியால் மூடிவிட்டும் சில படங்கள் எடுப்பார்கள். மூடிய பிறகு படத்தில் என்ன இருக்கும்? கேமராவின் சொந்தக் குறைகள், அதன் சூட்டினால் வந்த புள்ளிகள். அவற்றை அசல் படத்திலிருந்து கழித்துவிடுவார்கள். வானத்தின் மேல் குறை சொல்வதற்கு முன்னால், பார்க்கிறவரின் கறை என்ன என்று கணக்கெடுத்து ஒதுக்குவது! ஒருவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதற்கு முன் நாம் இப்படிச் செய்கிறோமா?

ஆனால், எல்லாப் படமும் இப்படி யோக்கியமானதல்ல. விண்முகிலில் விநாயகர், நட்சத்திரக் கூட்டத்தில் நடராஜர் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே... அவற்றில் யாரோ ஒட்டி வரைந்தவையும் உண்டு. பக்திக்காகச் செய்தாலும் பொய் பொய்தான். வந்த ஒளியை எடுத்துக்காட்டுவது வேறு. வராததை வரைந்துவிட்டு வந்தது என்று சொல்வது வேறு. சிலர் ஆராய்ச்சிக்காக, சிவப்பைப் பச்சையாக மாற்றிக் காட்டுவதும் உண்டு. மாற்றியிருக்கிறோம் என்று சொல்லிவிட்டால் அதில் வஞ்சனை இல்லை.

அலங்காரமும் அப்படித்தானே? வெள்ளானூரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் வடதிருமுல்லைவாயில். தொண்டைமானின் யானை முல்லைக் கொடியில் சிக்க, அதை அவன் வாளால் வெட்ட, உள்ளே இருந்த லிங்கத் திருமேனியில் காயம் பட்டதாகத் தலபுராணம். அந்தக் காயத்துக்காக மாசிலாமணீஸ்வரருக்கு ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பு. சித்திரைச் சதயத்தை ஒட்டி மட்டுமே நிஜரூப தரிசனம். மற்ற நாட்களில் போகிறவர்கள் ஏமாந்து திரும்புகிறார்களா? அது சந்தனம் என்று எல்லோருக்கும் தெரியும். எதற்காகச் சாத்தியிருக்கிறது என்றும் தெரியும். ‘அலங்காரம்’ என்று சொல்லும் பிள்ளையிடம் இதைச் சொல்லுங்கள்.

அந்தச் சந்நிதிக்கு ஒருவர் கண்ணே தெரியாமல் வந்தார். சங்கிலியாரைப் பிரிய மாட்டேன் என்று செய்த சத்தியத்தை மீறித் திருவொற்றியூர் எல்லையைத் தாண்டியதும், பார்வை இழந்த சுந்தரர்தான் அவர். சந்தனத்தையும் பார்க்கவில்லை, நிஜரூபத்தையும் பார்க்கவில்லை. ஆனாலும் எதிரே இருப்பவரிடம் பேசுவது போலவே முறையிட்டுப் பதிகம் பாடினார். சுந்தரரை எட்டாம் நூற்றாண்டு என்று கணக்கிடும் ஆராய்ச்சியாளர்கள் உண்டு. இன்று திருவாதிரைக்குப் பக்கத்திலிருந்து நம் கண்ணுக்கு வந்து சேரும் அந்த மங்கல் ஒளி, ஏறக்குறைய அந்தக் காலத்தை ஒட்டித்தான் அங்கிருந்து புறப்பட்டது.

பார்க்க வேண்டுமா? பௌர்ணமியன்று கொடியிடை அம்மனைத் தரிசிக்கப் போங்கள். ஆகாயம் பார்க்க அமாவாசைதான் நல்லது. மார்கழி, தை மாதங்களில் இரவு ஒன்பது மணிக்கு மேல் மாடிக்குச் செல்லுங்கள். மாடி விளக்கை அணைத்துவிட்டு, செல்போனையும் எடுக்காமல், இருபது நிமிடம் இருட்டில் இருங்கள். கண் பழகட்டும். பிறகு அந்த மூன்று நட்சத்திரங்களுக்குத் தெற்கே தேடுங்கள். நேராக உற்றுப் பார்த்தால் நழுவிவிடும். பார்வையை ஒரு விரற்கடை ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள். மெல்லத் துலங்கும்.