பாஸ்புக்கைத் திற, பயத்தை மூடு!

அறக்கட்டளையின் பாஸ்புக்கில் மிச்சம் 4,312 ரூபாய் என்று வைத்துக்கொள். ஜூனில் பள்ளி திறக்கிறது. முப்பது பிள்ளைகளுக்கு நோட்டும் ஃபீஸும் வேண்டும். "இந்த வருஷத்தோட இழுத்து மூடிடலாம்" என்கிறாயா?

மூடுமுன் மதுரையைப் பார்! 1976. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற 58 வயது டாக்டர் வெங்கடசாமி. முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்கள். வீட்டை அடமானம் வைத்து, 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அவர் உண்டியலை நம்பி உட்காரவில்லை. கட்ட முடிந்தவர் தரும் கட்டணத்தில், முடியாதவருக்கும் பார்வை தருவோம் என்று கணக்குப் போட்டார். அந்தக் கணக்கு இன்றும் நிற்கிறது!

உன் கணக்கு எங்கே? ஐந்து வருடத்துக் கேஷ் புக்கை எடுத்துத் தரையில் வரிசையாக விரி. மார்ச் கடைசியில் வரவு பொங்கும், ஜூனில் கரையும், ஐப்பசியில் ஊரெல்லாம் மழை, உன் பக்கம் மட்டும் காய்ந்து கிடக்கும். பாதிப் பணம் ஒரே புரவலரிடமிருந்து வருகிறதா? அங்கேதான் ஓட்டை! அவர் கை மடங்கினால் முப்பது பிள்ளைகளின் நோட்டும் மடங்கும்.

புதிய வருமான வரிமுறைக்கு மாறியவருக்கு நன்கொடைக்கான வரிச்சலுகை கிடையாது. ரசீதுக்காகக் கொடுத்தவர் நின்றுவிடுவார். வேலையைப் பார்த்துக் கொடுத்தவர் உன்னோடு நிற்பார். அவரைத் தேடிப் போ! மாதம் 100 ரூபாய் தர 100 பேர் போதும், வருடத்துக்கு 1,20,000. பத்துப் பேர் விலகினாலும் 1,08,000 மிஞ்சும். ஒரு தூண் சாய்ந்தால் விழுகிற கூரையா இது?

வந்ததையெல்லாம் வாரி இறைத்துவிட்டு வெறுங்கையோடு நிற்காதே. வரிவிலக்கு வேண்டுமானால், பதிவு பெற்ற அறக்கட்டளை தன் வருமானத்தில் 85 சதவீதத்தை அறப்பணிக்குச் செலவிட வேண்டும். 15 சதவீதம் வரை சேர்த்து வைக்கச் சட்டமே வழிவிடுகிறது. வருடா வருடம் அதை எஃப்.டி.யில் போடு. கெட்ட வருடத்தில் அது உனக்குச் சோறு போடும். வரவு செலவை ஒரு தாளில் அச்சடித்து, 100 ரூபாய் கொடுத்தவர் வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடு. கேட்குமுன் கணக்குக் காட்டுகிறவன் யார் வாசலிலும் கூனிக் குறுக வேண்டியதில்லை!

இன்று இரவே புது நோட்டின் முதல் பக்கத்தைத் திற. நூறு பெயரில் முதல் பெயராக உன் பெயரை எழுது. எதிரே 100 ரூபாய் என்று போடு. மீதி 99 பேரைக் கேட்கும் தைரியம் தானாக வரும்!