கை கொடுப்பதும் கைவிடுவதும்

'கொடு' என்பது மழலையும் அறிந்த சொல். ஆயினும் அதன் பொருளைத் திட்டமாகக் கூறுவது எளிதன்று. கை கொடுத்தவன் கையை இழப்பதில்லை. காது கொடுத்தவன் செவிடனாவதில்லை. இடம் கொடுத்தவன் ஓரடி நிலத்தையும் எழுதித் தருவதில்லை. வாக்குக் கொடுத்தவனோ, கையில் ஒன்றும் குறையாதிருந்தும் கடனாளியாகி விடுகிறான்! தனித்தனிச் சொற்களில் இல்லாத பொருள் சொற்றொடரில் எங்கிருந்து வந்தது? பல தலைமுறை மக்கள் பேசிப் பேசி ஏற்படுத்திய உடன்பாட்டிலிருந்து வந்தது. ஆகவே மரபுத்தொடர் எவருக்கும் தனியுடைமையன்று. ஊரார் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம்.

இந்த அமானிதத்தை வைத்து விளையாடுவதே குறுக்கெழுத்துப் போட்டி. லிவர்பூலில் பிறந்த ஆர்தர் வின் என்பவர் 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்டு' இதழில் முதற் புதிரை வெளியிட்டார். இலண்டன் 'டைம்ஸ்' நாளிதழ் 1930இல் அதனை ஏற்றது. ஆங்கிலப் புதிர்க்காரர்களுக்கு மிகவும் உகந்தவை 'கிவ்' போன்ற எளிய வினைகளே. அதனோடு 'அப்' சேர்ந்தால் விட்டுவிடுதல். 'இன்' சேர்ந்தால் பணிந்து போதல். 'அவே' சேர்ந்தால் தானம் செய்தலும் ஆகும், இரகசியத்தைக் காட்டிக் கொடுத்தலும் ஆகும். முதலிரண்டுக்கும் கட்டக் கணக்கு ஒன்றே: நான்கும் இரண்டும். குறிப்பைத் தவறாகக் கொண்டவன், விட்டுவிட வேண்டிய இடத்தில் பணிந்து போவான்!

புதிர் அமைப்பவர் வேண்டுமென்றே நம்மைத் திசை திருப்புகிறார். 'உறுப்பைத் தா, உடல் குறையாது' என்று குறிப்புத் தந்தால், நம் எண்ணம் மருத்துவமனைக்கு ஓடுகிறது. விடையோ 'கைகொடு'. இது பொய்யாகுமா?

இவ்வினாவை ஆழ்ந்து எண்ணியவர் டி. எஸ். மக்நட் என்ற ஆங்கிலேயர். பள்ளியில் கிரேக்கமும் இலத்தீனும் கற்பித்த அவர், 'சிமெனிஸ்' என்ற புனைபெயரில் புதிர்கள் அமைத்தார். அக்கலையின் நெறிகளை 1966இல் நூலாகவும் தந்தார். குறிப்பு வாசகரை வழி மாற்றலாம்; ஆனால் வரிக்கு வரி பார்த்தால், அது உண்மையிலேயே விடையைச் சுட்ட வேண்டும் என்பதே அந்நெறியின் சாரம். அரபு அணியிலக்கணத்தில் 'தவ்ரியா' என்றோர் அணி உண்டு. ஒரு சொல்லின் அண்மைப் பொருளைக் காட்டிச் சேய்மைப் பொருளைக் கருதுவது அது. நம் தமிழின் சிலேடையும் அதன் உறவே. இவற்றை யாரும் பொய்யென்று கூறார். ஏன்? இது விளையாட்டென்பதை இருவரும் அறிவர். கருதிய பொருள் சொல்லிலேயே உள்ளது. விடை வெளிப்படும்போது தோற்றவனும் சிரிக்கிறான், அவன் இழந்தது ஒன்றுமில்லை.

இம்மூன்றும் இல்லாத இடத்தில் இதே கலை என்னவாகும்?

மகளின் திருமணச் செலவுக்கு உதவி கேட்டு ஒரு தந்தை உறவினரின் வாயிலில் நிற்கிறார். 'பார்க்கலாம்' என்கிறார் செல்வர். மேலும் வற்புறுத்தினால் 'இன்ஷா அல்லாஹ்' என்கிறார். தர மனமில்லை என்பது அவர் உள்ளத்தில் முன்னமே முடிவாகிவிட்டது. வந்தவரோ அச்சொற்களை நம்பி, வேறு கதவைத் தட்டாமலே நாட்களைக் கழிக்கிறார். பின்னர்க் கேட்டால், "நான் தருவதாகச் சொன்னேனா? பார்ப்பதாகத்தானே சொன்னேன்!" என்று விடை வருகிறது. சொல்லில் பொய் இல்லை. ஆனால் ஓர் ஏழையின் காலம் களவாடப்பட்டு விட்டது. இறைவனின் நாட்டத்தை நினைவூட்டும் தூய மொழியும் மறுப்பை மூடும் திரையாகி விட்டது.

முகத்தில் அறைந்தாற்போல் இல்லையென்பது பண்பாகுமா எனச் சிலர் வினவலாம். நியாயமான வினாவே. மென்மையாக மறுப்பது நற்குணம்தான். ஆனால் அது மறுப்பென்று கேட்பவருக்கு விளங்க வேண்டும். "இப்போது இயலாது, வேறிடம் முயலுங்கள்" என்பதையும் கனிவாகச் சொல்லலாம். அதனால் அவருக்குச் சிறிது வருத்தம் உண்டாகலாம். ஆனால் காலம் மிஞ்சும். புதிர்க்காரர் தமக்கு வைத்துக்கொண்ட சோதனையை நாமும் வைத்துக் கொள்வோம்: நம் உட்கருத்து வெளிப்படும் நாளில் எதிரிலிருப்பவர், "ஆம், அதைத்தான் சொன்னீர்கள்" என்பாரா? அல்லது "ஏமாந்தேன்" என்பாரா?

கட்டங்களில் 'கைகொடு' என்பதற்கு மூன்றெழுத்து. 'கைவிடு' என்பதற்கும் மூன்றெழுத்து. முதலும் முடிவும் ஒன்றே. நடுவிலுள்ள ஓரெழுத்தே வேறு. அந்த நடுக்கட்டத்தை வெறுமையாக விட்டுவைத்து, பார்ப்பவர் தமக்கு வேண்டியதை நிரப்பிக்கொள்ளட்டும் என்றிருப்பது விளையாட்டில் நயம். நம்மை நம்பி வந்தவரிடம் அதுவே வஞ்சகம்.