வகுப்பறையில் தோத்திரம்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் பூசை முடிந்து ஜனங்கள் கலைந்துகொண்டிருந்த நேரத்தில், நம் பங்கைச் சேர்ந்த ஒரு தாய் தன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு அறைவீட்டுக்கு வந்தார். மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். தாய் சொன்ன சங்கதி இது. அந்த வகுப்பில் டீச்சர் உள்ளே நுழைந்ததும் பிள்ளைகள் எழுந்து கைகூப்பி, “சேசுவுக்குத் தோத்திரம், டீச்சர்” என்று ஒரே குரலாய்ச் சொல்லவேண்டும். பக்கத்தில் உட்காரும் சிறுமி இந்துக் குடும்பத்துப் பிள்ளை. புதிதாகச் சேர்ந்தவள். அவளும் எழுந்தாள், கைகூப்பினாள். ஆனால் “வணக்கம், டீச்சர்” என்றாள். திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். மறுபடியும் வணக்கமே வந்தது. அன்று ஒரு பாடவேளை முழுவதும் அவள் சுவரோரம் நின்றாள். மறுநாள் முதல் அவளுடைய உதடு மாத்திரம் அசைகிறதாம், சத்தம் வருவதில்லையாம். டீச்சருக்கு அதுவே போதுமாயிருக்கிறது.

“தப்பு யார் பேரில, சாமி? பிள்ளை கேட்டுக்கிட்டே இருக்கா. எனக்குப் பதில் சொல்லத் தெரியலை” என்றார் தாய்.

டீச்சர் செய்தது சரியல்ல என்று சொன்னேன். உடனே சிறுமி என்னை நிமிர்ந்து பார்த்து, “அப்ப நானும் தோத்திரம் சொல்லக்கூடாதா, சாமி?” என்று கேட்டுவிட்டாள். சொல்லலாம் என்று அவசரமாகத் தலையசைத்து அனுப்பினேன். அது அரைகுறைப் பதில். ஆகையால்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சிறுமியின் கேள்வி. மரியாதைச் சொற்களில் கடவுளுடைய பெயர் கலந்திருப்பது ஏதோ கிறிஸ்தவர்களுடைய தனி வழக்கமல்ல. ஆங்கிலேயர் பிரியும்போது சொல்லும் ‘குட்பை’ என்பதே ‘கடவுள் உம்மோடு இருப்பாராக’ என்ற வாக்கியம் தேய்ந்து சுருங்கியதுதான். பிரெஞ்சுக்காரரின் ‘அதியே’, போர்த்துக்கீசியரின் ‘அதேயுஸ்’ இரண்டிலும் கடவுள் இருக்கிறார். பவேரியாவிலும் ஆஸ்திரியாவிலும் கடைக்காரர்கூட வருகிறவரைக் கடவுள் பெயரால்தான் வரவேற்பார். நம் முகமதிய சகோதரரின் சலாம் சமாதானத்தை வேண்டும் வாழ்த்து. நம் வீடுகளில் பிள்ளை தும்மினால் பாட்டி “நூறு” என்பாள். மறுபடி தும்மினால் “இருநூறு”. தும்மியவரை நெடுநாள் வாழ்க என்று வாழ்த்தும் வழக்கம் திருக்குறளிலேயே இருக்கிறது. (அது வருமிடம் காதலர் பிணக்கைப் பற்றிய ‘புலவி நுணுக்கம்’ என்ற அதிகாரம், ஞானோபதேச வகுப்பில் எடுத்துச் சொல்லுகிறவர்கள் கொஞ்சம் யோசித்துச் சொல்லவும்.) மனிதன் மனிதனுக்கு நன்மை நினைக்கும்போது, அந்த நன்மையைத் தன்னால் மட்டும் தந்துவிட முடியாது என்று அறிந்து, தன்னிலும் பெரியவரைத் துணைக்கு அழைக்கிறான். ஆகவே, பள்ளிக்கூடத்தில் கடவுள் பெயரே கேட்கக்கூடாது என்பாருடன் நான் சேரமாட்டேன். தோத்திரம் என்ற சொல் நம் பிள்ளையின் வாயில் இயல்பாய் வருமானால் அது வரட்டும்.

அப்படியானால் சுவரோரம் நின்ற பிள்ளை? அவள் அவமரியாதை எதுவும் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். எழுந்து நின்றாள், கைகூப்பினாள், தன் வீட்டில் கற்ற சொல்லைச் சொன்னாள். டீச்சருக்குச் செல்லவேண்டிய மரியாதை முழுவதும் சென்றுவிட்டது. குறைந்தது சேசுநாதருக்கான தோத்திரம் ஒன்றுதான். அதை அவளிடம் கடனைப்போல் வசூலிக்கலாமா?

நமதாண்டவர் தம் அப்போஸ்தலர்களை ஊர்களுக்கு அனுப்பும்போது என்ன கற்பித்தார்? வீட்டுக்குள் நுழையும்போதே சமாதானம் சொல்லுங்கள். அந்த வீடு அதற்குத் தகுதியற்றதாயிருந்தால் உங்கள் சமாதானம் உங்களிடமே திரும்பி வரும் என்றார். பதிலுக்குச் சமாதானம் சொல்லாதவனைத் திண்ணையில் நிறுத்தி வையுங்கள் என்று அவர் சொல்லவில்லை. வாழ்த்து என்பது கொடுக்கிறவனுடைய தானம். வாங்கிக்கொள்வதும் பதில் சொல்வதும் மற்றவனுடைய இஷ்டம். இன்னோரிடத்தில், சகோதரருக்கு மாத்திரம் வந்தனம் சொல்வதில் என்ன விசேஷம், அதை எல்லோரும் செய்கிறார்களே என்றும் கேட்டார். நமக்குரிய சொல்லைச் சொல்லுகிறவர்களை மட்டும் உட்காரவைக்கும் வகுப்பறைக்கு அந்தக் கேள்வி நேராகப் பொருந்துகிறது.

எனக்கு அதிகமாய் உறுத்துவது அந்த உதட்டசைவு. திருநாமத்தை வீணாக உச்சரிக்கலாகாது என்பது இரண்டாம் கற்பனை. கோபத்தில் ஆணையிடுகிறவனை நினைத்தே நாம் அதைப் படிக்கிறோம். ஆனால் பயத்தினால், மனமில்லாமல், தண்டனைக்குத் தப்ப ஒரு குழந்தையின் உதட்டில் திருநாமம் ஏற்றப்படுமானால் அதைவிட வீண் எது? அந்தக் குற்றம் குழந்தையுடையதல்ல. அவளைச் சுற்றியிருந்த நம் பிள்ளைகளும் அன்று ஒரு பாடம் கற்றார்கள்: தோத்திரம் என்பது சொன்னால் உட்காரலாம், சொல்லாவிட்டால் நிற்கவேண்டும் என்ற பாடம். அவர்களுடைய தோத்திரமும் அன்று முதல் கொஞ்சம் கறைபட்டது.

“நம்முடைய பள்ளிக்கூடம், நம் முறைப்படிதானே நடக்கவேண்டும்?” என்று சிலர் கேட்பார்கள். நம் முறை என்ன என்பதைத் திருச்சபையே சொல்லியிருக்கிறது. 1965 டிசம்பர் 7-ல் வெளியான வத்திக்கான் சங்கத்தின் வேத சுதந்திரப் பிரகடனம், விசுவாசத்தில் எவரையும் வற்புறுத்தலாகாது என்கிறது. 2024 ஏப்ரலில் இந்திய ஆயர் பேரவை நம் பள்ளிகளுக்குக் கொடுத்த வழிகாட்டுதலிலும், பிற சமயப் பிள்ளைகள்மேல் நம் வழக்கங்களைத் திணிக்கவேண்டாம் என்று எழுதியிருக்கிறது. தேசத்தின் சட்டமோ 1950 முதலே இருக்கிறது. அரசின் அங்கீகாரமோ உதவிப்பணமோ பெறும் பள்ளியில், பெற்றோரின் சம்மதமின்றி எந்தப் பிள்ளையையும் வேதபோதனையிலும் வழிபாட்டிலும் சேர்க்கக்கூடாது என்பது அரசியலமைப்பின் 28-ம் பிரிவு. காலை வந்தனம் வழிபாடாகுமா என்று வக்கீல்கள் வாதாடலாம். நான் வழக்காட வரவில்லை.

ஆனால் ஒரு வழக்கைச் சொல்லவேண்டும். 1985-ல் கேரளத்தில், யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், தேசிய கீதத்தைப் பாடவில்லை என்பதற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். கீதம் பாடும்போது அவர்கள் மரியாதையாய் எழுந்து நின்றார்கள். மனச்சாட்சியின் பொருட்டு வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான். 1986 ஆகஸ்டு 11-ல் உச்சநீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கும்படி உத்தரவிட்டது. அவர்களுடைய உபதேசத்தை நாம் ஏற்பதில்லை. ஆயினும் எழுந்து நிற்பது வேறு, விசுவாசிக்காததை வாயால் சொல்வது வேறு என்ற வித்தியாசம் அந்தத் தீர்ப்பினால் நம் பிள்ளைகளுக்கும் காவலாயிருக்கிறது. நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் பிற சமயத்தார் நடத்தும் பள்ளிகளில் படிக்கிறார்கள். அங்கே சரஸ்வதி பூசை நாளில் நம் மகள் கைகட்டி மரியாதையாய் நின்றால் போதும் என்று விடுகிற தலைமையாசிரியரை நாம் எவ்வளவு புகழ்கிறோம்! அந்த நன்றியைக் காட்டவேண்டிய இடம் நம் பள்ளிக்கூடம்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் சின்னதல்ல. விடைத்தாளின் தலைப்பில் நம் பிள்ளைகள் சிலுவை வரைகிறார்கள். சிலர் சேசு மரி சூசை என்று எழுதுகிறார்கள். அடுத்த பெஞ்சுப் பிள்ளை பிள்ளையார் சுழி போடுகிறான். பரீட்சைக்குப் பயந்த இரண்டு குழந்தைகள், அவரவர் வீட்டில் கற்றபடி துணை தேடுகிறார்கள். ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றைச் சிவப்பு மையால் அடிக்கிற கை, எதைத் திருத்துகிறது?

மரியாதையைக் கேட்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆசிரியர் வந்தால் எழவேண்டும். மற்றப் பிள்ளைகள் செபிக்கும்போது சிரிக்கவோ பேசவோ கூடாது. இதை எந்தப் பிள்ளையிடமும் கண்டிப்பாய்க் கேட்கலாம்.

பின்பு அந்த டீச்சரைக் கண்டு பேசினேன். நல்ல பக்தியுள்ளவர், முதலில் வருத்தப்பட்டார். “அப்படியானால் இருபது வருஷ வழக்கத்தை விட்டுவிடச் சொல்கிறீர்களா, சாமி?” என்றார். விடவேண்டாம், நீங்களே முதலில் தோத்திரம் சொல்லுங்கள், பிள்ளைகள் அவரவர்க்குத் தெரிந்தபடி பதில் சொல்லட்டும் என்றேன். பதில் பேசாமல் போனார்.

போன ஞாயிறு அந்தச் சிறுமியைக் கோவில் வாசலில் கண்டு, வகுப்பில் இப்போது எப்படி என்று விசாரித்தேன்.

“டீச்சர்தான் முதல்ல சொல்றாங்க, சாமி. நான் தோத்திரம் சொல்றேன். அவ வணக்கம் சொல்றா. ஆனா இன்னும் மெதுவாத்தான் சொல்றா” என்றாள்.